நூல் கொடுத்தும் ஏறாத மதிப்பெண்

உகாண்டா எல்லையை ஒட்டிய கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1990-களின் நடுவில் பல மாணவர்களுக்குச் சேர்த்து ஒரு பாடநூல் இருந்தாலே பெரிது. நூல் வாங்கிக் கொடுத்தால் படிப்பு தேறும் என்றுதான் யாரும் சொல்வார்கள். பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் அவருடைய சகாக்களும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 100 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, முதலில் 25 பள்ளிகளுக்கு மட்டும் நூல்கள் தரப்பட்டன. சராசரி மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் இன்னும் முன்னேறினார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்குள்ள பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. பாடத்திட்டமே மேல்தட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதையே இந்தத் தோல்வி காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவுடன் கிரெமர் நோபல் பரிசு பெற்றார். அவர்களுடைய ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இந்தத் தோல்விதான்.

ஏழைப் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணம் இல்லாதபோது, யாருக்கு முதலில் என்பதை ஒரு முறைப்படி முடிவுசெய்து விளைவை அளப்பதில் அநீதி ஏதுமில்லை. அளக்காமலே நாடு முழுக்கச் செலவழிப்பதும் சோதனைதான், முடிவை யாரும் குறித்துவைப்பதில்லை, அவ்வளவே. இன்னொரு நோபல் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனின் ஆட்சேபம் கனமானது: ஓரிடத்தில் பலித்தது வேறிடத்தில் பலிக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நியாயமான கேள்வி. எடுத்துக்காட்டாக, பிள்ளை நிற்கும் படியிலிருந்து சொல்லிக்கொடுக்கும் முறை மும்பையிலும் வதோதராவிலும் பலன் தந்தது. பிகாரில் கோடை முகாம்களில் அரசு ஆசிரியர்களே அதை நடத்தியபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் அங்கேயே பள்ளி நடக்கும் மாதங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கையேடுகளும் கொடுத்தும் பலனில்லை. முறையில் கோளாறு இல்லை. பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இடம் விடவில்லை. ஹரியானாவில் தினம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கி, மேற்பார்வையும் வைத்ததும் அரசு ஆசிரியர்களாலேயே இந்தி வாசிப்பு மேம்பட்டது. கணக்கில் அந்த முன்னேற்றம் இல்லை. டீட்டனின் கேள்விக்கு இப்படி இடம் மாற்றி, ஆள் மாற்றி மறுபடி சோதிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எனவே கல்வித் துறைகள் அடுத்த பெருந்திட்டத்தை அறிவிக்கும் முன், அதை நூறு சாதாரண அரசுப் பள்ளிகளில், அங்குள்ள ஆசிரியர்களைக் கொண்டே ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். பலன் பூஜ்யம் என்றாலும் முடிவை வெளியிடட்டும்.