வாயாடி யார்?

இங்கிலாந்து நாட்டிலே புழங்கும் கொச்சைச் சொல் ஒன்று உண்டு: 'காபி'. நாம் காலையில் குடிக்கும் காப்பி அல்ல, தோழர்களே! 'காப்' என்றால் அந்நாட்டுப் பாமரர் பேச்சில் வாய். ஓயாது பேசுபவரும் துடுக்காகப் பேசுபவரும் 'காபி'. நம் வழக்கில் வாயாடி. பட்டம் சிறியதுதான். அதை யார் தலையில் சூட்டுகிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்கிறோம்.

ஜான் பிரெஸ்காட்டை எடுத்துக்கொள்வோம். பயணிக் கப்பலிலே தட்டேந்திப் பரிமாறியவர். கப்பல் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். 1997 முதல் 2007 வரை துணைப் பிரதமர். அவர் நாடாளுமன்றத்தில் பேச எழுந்தால் எதிரே அமர்ந்த டோரி கனவான்கள், உணவு விடுதியில் பணியாளை அழைப்பதுபோல், "எனக்கொரு ஜின்!" என்று குரல் கொடுப்பார்களாம். சபை நடுவே மது கேட்டுக் கூவியது யார்? சீமான் வீட்டுப் பிள்ளைகள்! ஆனால் இலக்கணம் பிசகிய முரட்டுப் பேச்சுக்காரர் என்று ஏடுகள் எள்ளி நகையாடியதோ பிரெஸ்காட்டை.

இது நேற்று முளைத்த வழக்கமா? 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன், 1948 ஜூலை 4 அன்று, மக்கள் மருத்துவத் திட்டம் தொடங்குவதற்கு முதல்நாள், டோரிகளைப் புழுப்பூச்சியிலும் கீழானவர்கள் என்றார். வேலையின்றிச் சகோதரியின் சம்பாத்தியத்தில் உண்ட நாட்களின் கொதிப்பு அது. அச்சொல் கட்சிக்குக் கேடு செய்தது. பிரதமர் அட்லியே கண்டித்தார். அவர் கண்டித்தது சரியே என்போம். ஆனால் 1945 தேர்தலில், தொழிற்கட்சி ஆள வந்தால் கெஸ்டபோ போன்ற ஒன்று வேண்டியிருக்கும் என்று வானொலியில் சொன்னவர் சர்ச்சில்! போர்க்கால மந்திரிசபையில் தம்முடன் அமர்ந்து ஹிட்லரை எதிர்த்த அட்லியின் கட்சியைப் பார்த்துச் சொன்னார். அவரை நாவலர் என்றே உலகம் போற்றுகிறது.

அண்மைக் கதையும் அதுவே. 16 வயதில் கர்ப்பிணியாய்ப் பள்ளியை விட்டு, முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்து, தொழிற்சங்கத்தில் உயர்ந்தவர் ஏஞ்சலா ரெய்னர். 2021 இல் டோரித் தலைவர்களைக் கழிசடை என்றார்; அடுத்த மாதமே வருத்தம் தெரிவித்தார். (2025 செப்டம்பரில் அவர் துணைப் பிரதமர் பதவியைத் துறந்தது வீடு வாங்கிய வரி விவகாரத்தில், அது வேறு கதை.) போரிஸ் ஜான்சனோ ஈட்டனில் படித்தவர். 2018 இல் புர்கா அணிந்த பெண்களைத் தபால்பெட்டி என்று எழுதினார். நகைச்சுவை என்றார்கள் அவர் பக்கத்தார். விதிமீறல் இல்லை என்றது அவர் கட்சியின் விசாரணை. மறு ஆண்டே பிரதமரானார்.