அலைக்கும் நிரை உண்டு

ரப்பர் மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு நிரை. ஒருவர் நிரையில் இன்னொருவர் உளி வைத்தால் அன்றைக்கு லயமே இரண்டுபட்டுப் போகும். எங்கேயும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. ஆனாலும் நேற்று வேலைக்கு வந்த பையனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் யாராவது ஒரு பெரியம்மா தெரிய வைத்துவிடுவார்!

கடலிலும் அப்படி நிரை இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அலைமேல் பலகை போட்டு, அதன்மேல் நின்று சறுக்கி வரும் விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். நம் நாட்டிலேயே, பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரையில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கம்பத்து இளைஞர்கள் பலகையோடு கடலில்தான் கிடப்பார்கள். கிழக்குக் கரை விடுதிகளில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளும் அதைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படட்டும். ஆனால் தண்ணீரில் இறங்கியதும் எல்லாரும் முகம் சுளிக்கும் ஆளாக ஆகிவிடக்கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

முதலில் அலையைப் பார்ப்போம். காற்று கிளப்பிய அலை கரையை நெருங்க நெருங்க, கடலின் அடித்தரை மேலே வந்துகொண்டிருக்கிறது. அங்கேயுள்ள தண்ணீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயரத்தை அலை எட்டியதும் அதன் தலை முன்னால் சரிந்து உடைகிறது. நல்ல அலை மொத்தமாக ஒரே நேரத்தில் உடையாது. ஓரிடத்தில் முதலில் உடைந்து, பாயைச் சுருட்டுவதுபோலப் பக்கவாட்டில் உடைந்துகொண்டே போகும். இன்னும் உடையாத அந்தச் சரிவில்தான் பலகைக்காரர் ஓடுகிறார். முதலில் உடைகிற இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ, அலை அவருடையது. மற்றவர்கள் அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டும்.

அவர் ஏற்கெனவே எழுந்து ஓடி வரும்போது, முன்னால் இருக்கிற ஒருவர் தாமும் அதே அலையில் குறுக்கே ஏறினால் என்ன ஆகும்? பலகைக்கு பிரேக் கிடையாது. அடியில் மீன் துடுப்புப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள் தோலைக் கிழிக்கும். வந்தவர் மோத வேண்டும், இல்லையேல் நுரைக்குள் குதிக்க வேண்டும். உலகத்தின் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதல் குற்றம் இதுதான். டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தபோது இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அங்கேயும் மற்றவர் அலையில் குறுக்கிட்டால் தண்டனை உண்டு.

இன்னொரு வகை ஆளும் இருக்கிறார். குறுக்கே ஏறமாட்டார். காத்திருப்பவரைச் சுற்றி நைசாகத் துழாவிப் போய், உடைகிற இடத்துக்கு அவரைவிட அருகில் உட்கார்ந்துகொள்வார். விதிப்படி அலை இப்போது இவருக்கு! லயத்துக் குழாயடியில் வாளி வரிசையைத் தள்ளி வைத்துத் தம் வாளியை முன்னால் செருகுகிற ஆளை உங்களுக்குத் தெரியும்தானே, அதே ஆள்தான். என் கணக்கில் இவர் முதலாமவரைவிட மோசம். முதலாமவருக்குத் தெரியவில்லை. இவருக்கு எல்லாம் தெரியும்.

கலிபோர்னியாவில் ஒன்றும் புரியாமல் அலையில் இறங்குகிறவரைக் ‘கூக்’ என்பார்கள். அது ஏச்சுச் சொல். சான் டியாகோ பக்கம் கார்டிஃப் என்ற கடலோர ஊரில் 2007-இல் அலைச்சறுக்கு இளைஞன் ஒருவனுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். கை வைத்திருக்கும் பாங்கு சரியில்லை, நிற்கும் நிலை சரியில்லை என்று ஊரார் சிரித்து, அதற்கே ‘கார்டிஃப் கூக்’ என்று பேர் சூட்டிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? அவ்வப்போது அதற்கு வேடம் கட்டியும் அழகு பார்க்கிறார்கள். பாவம், அந்தச் சிலை யாருடைய அலையிலும் குறுக்கே ஏறியதில்லை.

நிற்கத் தெரியாததும், விழுந்து விழுந்து எழுவதும் தண்ணீரில் பெரிய குற்றமே இல்லை. என்னிடம் ஆறாம் ஆண்டுவரை படித்த பையன் ஒருவன் செராத்திங் பக்கம் விடுதி வேலையில் இருக்கிறான். ஓய்வு நாளில் பலகை வாடகைக்கு எடுத்துப் பழகியிருக்கிறான். “சார், முப்பது தடவை விழுந்தேன், ஒருத்தரும் சிரிக்கல. பெரிய அலை வந்ததும் பயந்துபோய்ப் பலகையை விட்டுட்டு முங்கினேன் பாருங்க, அப்பத்தான் ஏசினாங்க” என்றான். ஏசியவர் அந்த ஊர் அபாங் ஒருவர். ஏசிவிட்டுக் கரைக்குக் கூட்டிப்போய்க் காரணத்தையும் சொல்லிக் கொடுத்தாராம். பையனுக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. மறுவாரம் போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டான். போகச் சொன்னேன்.

அபாங் சொன்ன காரணம் இது. பலகையையும் காலையும் ஒரு கயிறு இணைக்கிறது. பெரும்பாலும் அந்தக் கயிறு பலகையின் நீளத்துக்கே இருக்கும். ஒன்பது அடிப் பலகையைக் கைவிட்டால், கயிறும் பலகையுமாகச் சேர்ந்து ஆளுக்குப் பின்னால் பதினெட்டு அடி தூரம்வரை வீச்சு. அந்தத் தூரத்துக்குள் யார் தலை இருந்தாலும் ஆபத்து. ஆகவே பலகையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அலையைக் கடக்கப் பழக வேண்டும்.

இந்தக் கயிறே 1970-களில்தான் பரவலாக வந்தது. அதற்குமுன் பலகை நழுவினால் கரைவரை நீந்திப் போய் எடுத்துவர வேண்டும். நீச்சல் தெரியாதவர் ஆழத்துக்குப் போகவே மாட்டார். கயிறு வந்ததும் நீந்தத் தெரியாதவருக்கும் துணிச்சல் வந்துவிட்டது. அந்தக் கயிற்றுக்கும் தொடக்கத்தில் குறை இருந்தது. குளிர்கடலில் அணியும் ரப்பர் உடையைப் பரப்பிய ஜாக் ஓநீல் என்பவர், 1971-இல் அப்படிப்பட்ட கயிறு இழுத்துப் பலகை திருப்பி அடித்ததில் இடக் கண்ணை இழந்தார்.

புதியவர் தவறுகிற இடம் இன்னும் ஒன்று. அலை உடைகிற இடத்தின் நடுவே துழாவிக்கொண்டு வெளியே போவார்கள். எதிரே ஒருவர் அலையில் ஓடி வருவார். பயத்தில் எல்லாரும் செய்வது அவருடைய முன்பக்கமாகத் தப்பிக்கப் பார்ப்பது. அவரும் அதே பக்கந்தான் வருகிறார்! செய்ய வேண்டியது, அவருக்குப் பின்னால் ஏற்கெனவே உடைந்துவிட்ட வெள்ளை நுரையை நோக்கிப் போவது. நுரை நம்மைப் புரட்டி எடுக்கும், மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறும். ஏறட்டும். வந்தவர் பிழைத்தார், நாமும் பிழைத்தோம். இதைவிட நல்லது, உடைகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓரமாக வெளியே போவது.

இந்த விளையாட்டின் தாயகமான ஹவாய்த் தீவுகளில் முன்னாளில் இருந்த நிலைமையே வேறு. சில கடற்பகுதிகள் தலைவர்களுக்கு மட்டும். நீண்ட ‘ஓலோ’ பலகையும் உயர்குலத்தாருக்கே உரியது. ‘காப்பு’ எனப்பட்ட அந்தத் தடைமுறை 1819-இல் ஒழிந்தது. அலை யாருக்கும் சொந்தமில்லை என்று ஆனபிறகுதான் வரிசை தேவைப்பட்டது. 1959-இல் ‘கிட்ஜெட்’ என்ற திரைப்படம் வந்தபின் கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகினால் சண்டையும் பெருகும். 1966-இல் உலக வெற்றியாளரான ஆஸ்திரேலியர் நாட் யங், 2000-ஆம் ஆண்டில் அலைத் தகராறு ஒன்றில் அடிவாங்கி முக எலும்புகள் முறிந்து கிடந்தார். அனுபவசாலிக்கே அந்தக் கதி.

ஆனால் வேண்டாத ஆள் என்றால் அவர் எப்போதும் வெளியூர்க்காரர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கலிபோர்னியாவில் லுனாடா பே என்று ஒரு வளைகுடா. சுற்றிலும் செல்வந்தர் வீடுகள். அங்கே உள்ளூர்க் கும்பல் ஒன்று பல ஆண்டுகளாக அயலாரை அலையில் இறங்கவே விடுவதில்லை, கல் எறிகிறார்கள், கார் டயரைக் கிழிக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, 2016-இல் வழக்குத் தொடரப்பட்டது. பாறைக்கடியில் கல்லால் கோட்டைபோல் கட்டிவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அதே ஆண்டில் அது இடிக்கப்பட்டது. அவர்கள் எல்லாரும் அலையில் கைதேர்ந்தவர்கள். கூக் என்ற சொல்லை மற்றவர்மேல் வீசியவர்களும் அவர்களே.

தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளுக்கு, ‘நீ எங்கிருந்து வந்தாய்’ என்ற அந்தப் பார்வை பழக்கமானது. அதனால்தான் முதல் ஏச்சிலேயே பலகையைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஏசுகிறவர் காரணம் சொல்கிறாரா, வெறுமனே துரத்துகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். காரணம் சொல்பவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

தீபாவளியை ஒட்டிக் கிழக்குக் கரையில் மழைக்காலம் தொடங்கிவிடும். பிள்ளை பலகை கேட்டால் முதலில் நீச்சல் தெரியுமா என்று பாருங்கள். சிவப்புக் கொடி பறந்தால் அன்றைக்கு வேண்டாம். இறங்குமுன் கால் மணி நேரம் மணலில் உட்கார்ந்து, அலை எங்கே உடைகிறது, ஆட்கள் எந்தப் பக்கமாக வெளியே போகிறார்கள் என்று பார்க்கட்டும். நீரோட்டம் வெளியே இழுத்தால் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தாமல், பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போக வேண்டும். புதியவருக்கு மெத்துப் பலகையே நல்லது. வாடகைக்கு எடுக்கும்போது காலில் கட்டும் பட்டையை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டு விட்டுப்போயிருந்தால் வேறு பலகை கேட்டு வாங்கலாம்.