இசை பெற்றோம், இசை கொடுத்தோமா?

தமிழில் 'இசை' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பாட்டும் இசை, புகழும் இசை. வள்ளுவப் பெருந்தகை புகழ் அதிகாரத்தில் இச்சொல்லைப் புகழென்னும் பொருளிலேயே ஆள்கின்றார். ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிய முன்னோரின் நுண்மையை மேடைதோறும் போற்றுகின்றோம். ஆயின், நமக்குப் பாட்டென்னும் இசையைத் தந்தவர்க்குப் புகழென்னும் இசையை நாம் திருப்பித் தந்தோமா? தரவில்லை என்பதே ஈண்டு நாம் கூறும் குற்றச்சாட்டு. அதற்குச் சான்றாக, நம்மில் பலர் இகழ்ந்து ஒதுக்கும் ஓர் இசையின் அன்பர்களை அழைக்கின்றோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு ஈந்த ஜாஸ் இசை நம் இல்லங்களில் நற்பெயர் பெற்றதில்லை. பழைய திரைப்படங்களில் வில்லனின் விடுதி நடனத்துக்குப் பின்னே முழங்கிய ட்ரம்பெட்டையும் சாக்சபோனையும் கேட்டு, 'காபரே இரைச்சல்' என்று முத்திரை குத்திவிட்டோம். இருக்கட்டும். அவ்விசையின் அன்பர்கள் இருவர் கூடினால் என்ன பேசுகின்றனர் என்று செவிசாய்த்தோமா? இந்த இசைத்தட்டு எந்த நாளில் பதிவாயிற்று, எந்த ஊரில், பியானோ யார், டிரம்ஸ் யார் என்பதே அவர்தம் பேச்சு. 1923-இல் கிங் ஆலிவர் குழு பதித்த அரிய தட்டுகளைக் குறிப்பிடும்போது, இரண்டாம் கார்னெட் ஊதிய இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் என்பதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் பதிவானது. பியானோ பில் எவன்ஸ், ஒரே ஓர் உருப்படிக்கு மட்டும் விண்டன் கெல்லி. அந்த ஓர் உருப்படியின் மாற்றத்தையும் அவர்கள் மறப்பதில்லை. ஆடலைப் பேசினும் அவ்வாறே. நியூயார்க்கில் 1926-இல் திறக்கப்பட்ட சவாய் ஆடரங்கில் லிண்டி ஹாப் ஆடிய பிராங்கி மானிங்கின் பெயர் இன்றும் அவர்கள் நாவில் நிற்கின்றது.

இதெல்லாம் இசைத்தட்டுக் கம்பெனிகள் செய்த நன்மை எனக் கருதற்க. பழைய தட்டுகளின் மேல் பெரும்பாலும் குழுவின் பெயரோ தலைவரின் பெயரோதான் அச்சாயிற்று. எஞ்சிய பெயர்களைக் கேட்டறிந்து, ஒப்புநோக்கி, ஏட்டிலேற்றியவர்கள் ரசிகர்களே. 1936-இல் பாரிஸ் நகரில் சார்ல் டெலோனே என்பார் ஜாஸ் தட்டுகளுக்கென்றே ஓர் அடைவு நூலை வெளியிட்டார். நம் நாட்டிலும் பம்பாய்த் திரையிசைக்கு ட்ரம்பெட் ஊதிய கோவாக் கலைஞர் 'சிக் சாக்லெட்' போன்றோரின் வரலாறு, நரேஷ் பெர்னாண்டஸ் 2012-இல் வெளியிட்ட ஆங்கில நூலால் மறதியினின்று மீண்டது.

இனி நம் பக்கம் திரும்புவோம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் புகழாத தமிழர் இல்லை. உடனிருந்து ஒத்து ஊதியவர் யார் என்று வினவினால், நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? அரிய ஒலிநாடா தம்மிடம் உண்டென்று பெருமை பேசுவோர், அதில் தவில் வாசித்தவர் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர். பல ஊர்ச் சங்கங்களின் அழைப்பிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். தலைமை தாங்குபவரின் பட்டங்கள் நான்கு வரி. பாடுபவர் பெயர் பெரிய எழுத்தில். ஏனையோர் 'பக்கவாத்தியக் குழுவினர்' என்னும் ஒற்றைத் தொடரில் புதைந்து கிடப்பர். நம் பெண்மக்களின் அரங்கேற்றத்தில் ஒப்பனைக்கும் ஒளிப்படத்துக்கும் செலவிடும் கவனத்தில், குழலூதியவரின் பெயரைப் பிழையின்றி அச்சிடுவதற்கு ஒரு பங்கேனும் செலவிடுகின்றோமா?

'தன்னை மறைத்துக்கொள்வதே நம் கலைமரபு. பெயர் நாடுவது மேனாட்டு வழக்கம்' என்பார் உளர். நன்று! அவ்வடக்கம் மேடையின் நடுவில் இருப்பவரை ஏன் தொடவில்லை? குறைந்த ஊதியம் பெற்று ஓரத்தில் அமர்பவரிடம் மட்டுமே அடக்கத்தை எதிர்பார்ப்பது மரபன்று, சோம்பல்.

உண்மை மரபு யாது? பரிபாடலைப் பாருங்கள். 1918-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்து நமக்களித்த அந்நூலில், பாடல்கள் பலவற்றின் கீழ்ப் பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. பெட்டனாகனாரும் கண்ணனாகனாரும் நன்னாகனாரும் அமைத்த மெட்டுகள் காற்றோடு போயின, பெயர்கள் நிலைத்தன. இளங்கோவடிகளோ அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலைப் புகழ்வதற்கு முன், ஆடலாசிரியன் தொடங்கி இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். ஜாஸ் அன்பர் செய்வது இப்பணியைத்தான். நம் வீட்டு விளக்கை நாம் அணைய விட்டோம்; அயலார் வீட்டில் அது எரிகின்றது.

நாம் வாழும் மைசூரே இதற்கு எடுத்துக்காட்டு. தென்கன்னட மாவட்டத்தில் 1949-இல் நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் ஒலித்த சாக்சபோனைக் கேட்டே அக்கருவியின்பால் ஈர்க்கப்பட்டார். பல்லாண்டு உழைத்து அதனைக் கருநாடக இசைக்கு வசப்படுத்தினார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹாண்டி அவருடன் மேடையில் இணைந்து இசைத்தார். 1994-இல் 'டூயட்' திரைப்படம் வந்தது. திரையில் தோன்றியவர் பிரபு எனினும், ஊதியவர் கோபால்நாத் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிந்தனர். பெயர் சொன்னமையால் அறிந்தனர். 2019-இல் அவர் மறைந்தபோது நாமும் வருந்தினோம். ஆயினும், அரண்மனைக் குழுவில் சாக்சபோன் ஊதி அச்சிறுவனின் உள்ளத்தைத் தொட்டவர் யார் என்று, இந்நகரில் குடியிருக்கும் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு நாள் கழிக்கும் எழுத்தர்களாகிய நாம் ஒன்றை அறிவோம். பெயரும் நாளும் இல்லாத தாள் எத்துணை அரிதாயினும் சான்றாகாது. பேழையில் உறங்கும் ஒலிநாடாக்களும் அத்தகையனவே. ஊர்விட்டு ஊர்வந்த குடும்பங்களுக்கு இவ்விழப்பு இருமடங்கு. சொந்த ஊரிலிருப்பவன் கோயில் வாயிலில் நின்று வினவலாம். இங்கோ வீட்டு முதியவர் ஒருவரே சான்று. அவர் நினைவு மங்கினால், திருமணத்தில் வாசித்தவர் யார், பதிவான ஊர் எது என்பதைச் சொல்ல எவரும் இரார்.

ஆதலின் வேண்டுவன மூன்று. இனி நம் சங்கம் அச்சிடும் ஒவ்வோர் அழைப்பிதழிலும் ஒத்தும் தாளமும் உட்பட அனைவர் பெயரும் இடம்பெறுக. அரங்கேற்றம் நடத்தும் பெற்றோர் இசைக்குழுவினரைத் தனித்தனியே பெயர் சொல்லி மேடையில் சிறப்பிக்க. ஒலிநாடாவும் இசைத்தட்டும் வைத்திருப்போர் இம்மாதமே முதியோரருகில் அமர்ந்து, கேட்டு, வாசித்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் உறைமேல் எழுதுக. பிறகு பிறர்க்கும் கேட்கத் தருக. இவற்றுக்கு நிதி வேண்டா, தீர்மானமும் வேண்டா. ஒரு பேனாவும் சிறிது நன்றியுணர்வும் போதும்.