கதிர்வீச்சுக்குக் காவலாக ஒரு பெண்



உயர்தரத்தில் பௌதிகவியலுக்கு நல்ல பெறுபேறு எடுத்த மகள், "நான் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையில் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் எமது வீடுகளில் என்ன நடக்கும்? உம்மாவின் முகம் வாடிவிடும். மூத்தம்மா, "அந்த வேலைக்குப் போனால் பிள்ளை கிடைக்காதாமே" என்பார். வாப்பா மறுபேச்சில்லாமல் கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தைத் தேடத் தொடங்குவார். இந்தப் பயத்தை நான் பரிகசிக்கவில்லை. பயப்படக் காரணம் இருக்கின்றது. ஆனால் ஆபத்து வேறு, அந்த ஆபத்திலிருந்து மக்களைக் காப்பவரின் தொழில் வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றோம்.

கதிர்வீச்சைக் கண் காணாது, மூக்கு முகராது, தோலும் உடனே உணராது. நெருப்புச் சுட்டால் கையை இழுத்துக்கொள்கிறோம். இங்கே இழுத்துக்கொள்ளச் சொல்ல எதுவுமில்லை. ஆகவே ஆய்வுகூடங்களில் அதை அளந்து சொல்வதற்கென்றே ஒருவர் இருக்கின்றார். அவர்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பௌதிகவியலாளர். இன்னின்ன அறைக்குள் எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்தச் சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்பதை அவர் கணக்கிடுவார். துகள்களை வேகப்படுத்தும் பெரிய இயந்திரங்களை நிறுத்திய பின்பும் சுற்றியுள்ள உலோகம் கதிர்வீசிக்கொண்டிருக்கலாம். எனவே பழுதுபார்ப்பவர்கள் உள்ளே போகுமுன் அளவுகருவி போகவேண்டும்.

அவருடைய ஆயுதங்கள் மூன்று: நேரத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், இடையில் தடுப்பு வைத்தல். சிறியதொரு கதிர்மூலத்திலிருந்து ஒரு மீற்றரில் நிற்பவர் இரண்டு மீற்றருக்கு விலகினால், அவருக்குக் கிடைப்பது பாதியல்ல, காற்பங்கு. அல்பாக் கதிரைக் கடதாசி ஒன்றே தடுத்துவிடும். காமாக் கதிருக்கு ஈயமோ தடித்த கொங்கிறீற்றோ வேண்டும். நியூத்திரனுக்கோ தண்ணீரும் மெழுகும்தான் நல்லவை.

இந்த அறிவு இலேசாகக் கிடைத்துவிடவில்லை. முதலில் விலை கொடுத்தவர்களில் ஏழை வீட்டு இளம்பெண்கள் பலர். அமெரிக்காவில் 1917 முதல் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த ஒளிரும் சாயம் பூசும் வேலையில் அவர்களை அமர்த்தினார்கள். தூரிகையின் நுனி கூராக இருக்க அதை உதட்டில் வைத்துத் திருகும்படி பழக்கினார்கள். ரேடியம் எலும்பில் போய்த் தங்கியது; தாடையெலும்பு உக்கியது; பலர் மௌத்தானார்கள். இதில் என் மனதை அறுப்பது ஒன்று. அதே தொழிற்சாலையின் இரசாயனவியலாளர்கள் ஈயத்திரையும் இடுக்கியும் வைத்திருந்தார்கள். அறிந்தவர்கள் தம்மைக் காத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

1941 இல் ரேடியத்துக்கு ஓர் எல்லை வகுக்க அமெரிக்காவில் ஒரு குழு கூடியது. ரொப்லி எவன்ஸ் என்ற பௌதிகவியலாளர் அங்கு ஒரு கேள்வியை வைத்தார்: உங்கள் மனைவியோ மகளோ இந்த வேலையில் இருந்தால் எந்த அளவுக்குச் சம்மதிப்பீர்கள்? அப்படி யோசித்து அவர்கள் வந்து சேர்ந்த அளவு, உடம்பில் 0.1 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஒரு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு!

அடுத்த ஆண்டு, 1942 இல், சிக்காகோவின் அணு ஆய்வுகூடத்தில் இப்பணி ஒரு தனித்தொழிலாக உருவெடுத்தது. அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதில் முன்னின்றவர் ஒரு பெண்மணி. எல்டா அண்டர்சன் என்ற அவர் 1899 இல் பிறந்தவர். ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்து, 1934 இல் அத்துறையின் தலைவியானார். யுத்த காலத்தில் லொஸ் அலமொஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தார். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் நடந்ததை அறிந்த எவரும் அந்தப் பகுதியைப் புகழ முடியாது; நானும் புகழவில்லை. ஆனால் 1949 இல் அவர் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்துக்குப் போய், கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவின் கல்வி, பயிற்சிக்கு முதல் பொறுப்பாளரானார். 1955 இல் ஸ்டொக்ஹோமிலும், 1957 இல் பெல்ஜியத்திலும், 1958 இல் பம்பாயிலும் சர்வதேசப் பயிற்சிநெறிகளை ஒழுங்குசெய்தார். 1956 இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. வேலையால் வந்திருக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. அதற்குப் பின்னும் கற்பிப்பதை அவர் விடவில்லை. பம்பாய்ப் பயிற்சி நோய் கண்ட பிறகுதான் நடந்தது. 1961 இல் காலமானார்.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் மருத்துவத்தையும் கணிதத்தையும் பர்ளு கிபாயாவில் சேர்த்தார்கள். எவருமே அதைச் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும். பிறரின் உயிருக்குக் காவல் நிற்கும் இந்தக் கல்வியை அதற்கு வெளியே வைக்க எனக்கு ஆதாரம் தெரியவில்லை. இப்னுல் ஹைதமின் பெயரை மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளின் பௌதிகவியல் புத்தகத்தை மூடிவைப்பது எந்த நியாயம்?

மூத்தம்மாவின் பயத்துக்கு வருவோம். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட் கிடைக்கின்றது. எமது பேருவளைக் கடற்கரை மணலிலேயே தோரியம் கலந்த மொனசைட் உண்டு. இத்தொழிலில் இருப்பவருக்குச் சர்வதேச எல்லை ஆண்டுக்கு 20 மில்லிசீவேட், ஐந்தாண்டுச் சராசரியாக. அது எல்லைதானே தவிர இலக்கல்ல. இயன்றவரை அதற்கும் கீழே வைத்திருப்பதே விதி. ஒரு பெண் தான் கர்ப்பமென்று அறிவித்துவிட்டால், பிரசவம் வரை சிசுவுக்கு ஏறக்குறைய 1 மில்லிசீவேட்டுக்கு மேல் போகாதபடி அவளுடைய வேலையை மாற்றியமைக்க வேண்டும். இந்த அளவுகளுக்குள் இருப்பவருக்கு இதனால் பிள்ளைப்பேறு இல்லாமற்போகாது.

ஆகவே மகளை அனுப்புமுன் கேட்கவேண்டியவற்றைக் கேளுங்கள். அவளுக்கென்று தனி அளவுப்பட்டி தருவார்களா? அதன் பதிவு கிரமமாக வைக்கப்பட்டு அவளுக்கும் காட்டப்படுமா? கர்ப்பத்தை அறிவித்தால் சம்பளமோ பதவியோ குறையுமா? ஆபத்தென்று கண்டால், பெரிய பேராசிரியரின் பரிசோதனையாக இருந்தாலும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவளுடைய பிரிவுக்கு உண்டா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், வேறு ஆய்வுகூடம் தேடுங்கள்.