எள்ளளவு வேற்றுமை

அரசியலிலே தம்மோடு மாறுபடுபவனைப் பார்த்து, "இவனுக்கு மூளை பழுது" என்று ஒருமுறையேனும் சொல்லாதார் நம்முள் அரியர். தேர்தற் காலத்துத் தேநீர்க் கடைகளிலே அது அன்றாட வசனம். அவ்வசனத்தை ஆய்வுகூடம் வரையும் கொண்டு சென்றவர் ஆங்கில நடிகர் கொலின் பேர்த். 2010 ஆம் ஆண்டின் இறுதியில் பி. பி. ஸி. வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு விருந்தாசிரியராக அழைக்கப்பட்ட அவர், தம் கருத்தை ஏற்காதவர்களின் உடலமைப்பில் என்ன கோளாறு உளதென அறிய விரும்பியதாகப் பின்னர் நகைச்சுவையாகச் சொன்னார். நடிகரின் விளையாட்டை விஞ்ஞானிகள் மெய்யாகவே எடுத்துக் கொண்டனர்.

இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலே இளவயதினர் 90 பேரிடம், "நீர் முற்போக்கினரா, பழமை பேணுபவரா?" என ஐந்து படிகள் கொண்ட ஒரு வினா கேட்கப்பட்டது. விடைகளை அவர்தம் மூளையின் காந்தப் படங்களோடு ஒப்பிட்டனர். பழமை பேணுவோருக்கு வலப்புற அமிக்டலா சற்றுப் பெரிதாயிருந்தது. வாதுமைப் பருப்பை ஒத்த இச்சிறு பகுதி அச்சத்தோடு தொடர்புடையதெனப் பெரிதும் பேசப்படுவது. முற்போக்கினருக்கோ, முரண்பட்ட செய்திகளைக் கையாளுவதில் பங்குகொள்ளும் முன் சிங்குலேற் புறணி பெரிதாயிருந்தது. 2011 இல் 'கறன்ற் பயோலஜி' சஞ்சிகையில் வெளிவந்த அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலே நடிகரின் பெயரும் இடம்பெற்றது.

பழமைவாதி அஞ்சி நடுங்குபவன், முற்போக்காளன் விரிந்த அறிவினன் என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் எளிது. ஒரு சாராருக்கு இனிப்பாகவும் இருக்கும். ஆனால் அமிக்டலா அச்சத்துக்கு மட்டும் உரிய உறுப்பன்று. இன்பத்திலும், பிறர் முகக்குறிப்பை அறிவதிலும் அதற்குப் பங்குண்டு. பெரிய அமிக்டலாவுடையவன் கோழை எனில், பெரிய காதுடையவன் சங்கீத வித்துவான் என்றும் சொல்லலாமே!

இவ்வாய்வைச் சரிபார்க்க முன்வந்தவர்கள் ஒல்லாந்து தேசத்தினர். அம்ஸ்ரடாம் ஆராய்ச்சியாளர், தாம் எதை எவ்வாறு அளப்போம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 928 பேரின் படங்களை ஆராய்ந்து 2024 இல் முடிவை வெளியிட்டனர். முற்போக்கினருக்கு உரியதெனப்பட்ட புறணி வேற்றுமை அங்கே காணப்படவில்லை. அமிக்டலா வேற்றுமை காணப்பட்டது. எனினும் முன்னர் சொல்லப்பட்டதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. அதனை எள் விதையொன்றின் அளவுக்கு அவர்கள் ஒப்பிட்டனர். நாம் பேச்சுவழக்கிலே 'எள்ளளவு' என்பது இங்கே உவமையன்று, அளவையே ஆயிற்று!

அவ்வாய்வில் என்னைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. ஒல்லாந்திலே கட்சிகள் பல. இருமுனை அரசியல் அங்கு இல்லை. அங்குள்ள சோசலிஸ்ட் கட்சி பொருளாதாரத்தில் இடதுசாரி; சமூக வழக்கங்களிலோ ஓரளவு பழமை பேணுவது. அக்கட்சியினரின் அமிக்டலா, ஏனைய முற்போக்குக் கட்சியினரதைவிடச் சராசரியிற் பெரிதாயிருந்தது. இவர்களை எப்பெட்டியில் அடைப்பது? ஐந்து படிகளுள்ள ஒற்றை வினா இவர்களைப் பிடித்திராது.

காரணம் எது, காரியம் எது என்ற வினாவும் உண்டு. இலண்டன் நகரின் வாடகைக் கார் ஓட்டுநராக விரும்புவோர் ஆயிரக்கணக்கான தெருக்களை மனனஞ் செய்தல் வேண்டும். அப்பயிற்சியிலே தேறியவர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி வளர்ந்திருந்ததை, அதே கல்லூரி ஆராய்ச்சியாளர் 2011 இல் காட்டினர். பயின்ற பழக்கம் மூளையை மாற்றுமாயின், பல்லாண்டு பயின்ற கொள்கையும் மாற்றக்கூடும் அன்றோ? ஒருமுறை எடுத்த படம் இதற்கு விடை கூறாது.

எள்ளளவு வேற்றுமைக்கு இத்தனை பேச்சு ஏனெனில், மாற்றுக் கருத்து உடற்கோளாறாக எண்ணப்படும் இடத்திலே வாதத்துக்கு இடமில்லை, வைத்தியத்துக்கே இடமுண்டு. சோவியத் நாட்டில் இது நடந்தது. அரசை விமர்சித்த தளபதி பியோத்தர் கிரிகொரெங்கோ 1964 இல் மனநோயாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு அடைக்கப்பட்டார். 1969 இல் மீண்டும் கைதானார். உயிரியல் விஞ்ஞானி ஜோரெஸ் மெட்வெடெவ் 1970 இல் 19 நாட்கள் மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டு, சகாரோவ், சொல்ஷெனிட்சின் முதலானோரின் கண்டனத்தின் பின் விடப்பட்டார். அங்கே மூளைப் படம் எதுவும் தேவைப்படவில்லை. வைத்தியர் கையொப்பமே போதுமானதாயிற்று. தளபதிக்கு நோயில்லை என எழுதிய இளம் மனநோய் வைத்தியர் செமியோன் குளுஸ்மனுக்கு 1972 இல் ஏழாண்டுச் சிறையும் மூன்றாண்டு நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. பின்னர் அமெரிக்கா சென்ற கிரிகொரெங்கோ, தம்மைப் பரிசோதிக்குமாறு தாமே கேட்டுக்கொண்டார். அந்நாட்டு மனநோய் வைத்தியர்கள் அவரை ஆராய்ந்து, நோய் எதுவும் இல்லையென 1979 இல் அறிவித்தனர்.