மஞ்சள் விளக்கு எரிந்தால்...

அடையாறிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெட்ரோல் கார், வாங்கி ஒன்பது வருடம் ஆகிறதாம். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ். அழைத்துப் போய் அழைத்து வருவது இவர்தான். மழை கொட்டி ஓய்ந்த மறு வாரம், அப்பாவை ஏற்றிக்கொண்டு திரு.வி.க. பாலத்தில் வரும்போது ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நொண்டுகிறது. பின்னாலிருந்து ஹார்ன் மேல் ஹார்ன். எப்படியோ பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டி, அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது. விளக்கு மட்டும் அணையவில்லை.

"ஒர்க்ஷாப்பில் காட்டினேன். 'த்ராட்டில் சென்சார் போயிடுச்சும்மா. அது தனியா வராது, பாடியோட மாத்தணும்' என்று இருபதாயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மருந்துச் செலவே மூச்சு முட்டுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சரி என்று தலையாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். "எவ்வளவு குறைப்பீங்க?" என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில், "அண்ணா, கோட் நம்பர் என்ன வந்தது? எழுதிக் குடுங்க."

நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில், என்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் தன் புகார்களை ஒரு பொதுவான எண் முறையில் குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் பதினாறு ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். கையடக்கமான ஸ்கேனரை அதில் செருகினால் அந்த எண் தெரியும். பெரிய ஒர்க்ஷாப்தான் வேண்டும் என்பதில்லை; தெருமுனை மெக்கானிக்கிடமும் இன்று இந்தக் கருவி உண்டு. செல்போனோடு பேசுகிற சின்ன ரகம்கூடக் கடைகளில் கிடைக்கிறது. (மலிவாகக் கிடைப்பதெல்லாம் உங்கள் காரோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. திருப்பித் தருகிற கடையில் வாங்குங்கள்.)

அந்த எண்ணை நாம் ஏன் கேட்க வேண்டும்? கம்ப்யூட்டர் "சென்சார் செத்துவிட்டது" என்று சொல்வதே இல்லை. "அந்தப் பக்கமிருந்து வரும் சேதி சரியில்லை" என்றுதான் சொல்கிறது. சேதி சரியில்லாமல் போக சென்சார் காரணமாகலாம், வழியிலுள்ள ஒயர் காரணமாகலாம், இரண்டும் சேரும் இடம் காரணமாகலாம். எதிர்வீட்டு மாமி போனை எடுக்கவில்லை என்றால் மாமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றா முடிவு கட்டுவோம்? லைனே இல்லாமல் இருக்கலாமே.

சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீதி சுலபம். பெட்ரோல் என்ஜினுக்குள் காற்று போகும் குழாயில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதுதான் த்ராட்டில். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அது திரும்பி வழி விடும். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதே சென்சாரின் வேலை. கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு 5 வோல்ட் போகிறது. தகடு மூடியிருந்தால் ஏறக்குறைய அரை வோல்ட் திரும்பி வரும், முழுக்கத் திறந்தால் நாலரை வோல்ட்டுக்குப் பக்கத்தில். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்.

அந்தக் காலத்து மர்ஃபி ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வால்யூம் திருகைத் திருப்பும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரவென்று சத்தம் வருமே, அந்தத் திருகும் பழைய மாதிரி த்ராட்டில் சென்சாரும் ஒரே ஜாதி. உள்ளே ஒரு தடத்தின்மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். அதிகமாக உரசிய இடம் தேயும். நம் ஊரில் அது எந்த இடம் என்று யோசித்துப் பாருங்கள். பனகல் பார்க்கிலிருந்து துரைசாமி சப்வேக்குப் போவதற்குள் எத்தனை தரம் காலை லேசாக வைத்து லேசாக எடுக்கிறோம்! முழுக்க அழுத்தி ஓட்ட இங்கே சாலை ஏது? ஆகையால் தடத்தின் ஆரம்பப் பகுதி மட்டும் தேய்ந்து, மீதி புத்தம் புதிதாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டி ஹைவேயில் ஒழுங்காக ஓடும், சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் உதறும். பல புது வண்டிகளில் உரசலே இல்லாமல் காந்தத்தைக் கொண்டு அளக்கும் ரகம் வந்திருக்கிறது. அதற்குத் தேய்மானம் கிடையாது.

இனி எண்கள். 'பி 0122' என்று வந்தால், த்ராட்டிலிலிருந்து வரும் வோல்ட் மிகவும் குறைவு. 5 வோல்ட் போய்ச் சேரவில்லை, அல்லது சேதி கொண்டுவரும் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது செருகும் இடத்தில் அழுக்கு, அல்லது சென்சாரே போய்விட்டது. 'பி 0123' என்றால் அளவுக்கு மீறி அதிகம். எர்த் ஒயர் விட்டுப்போனால்கூட இப்படிக் காட்டும். 'பி 0121' என்றால், வோல்ட் வருகிறது, ஆனால் மற்ற சென்சார்கள் சொல்வதோடு பொருந்தவில்லை. தேய்ந்த தடத்தின்மேல் சந்தேகம் போக வேண்டிய இடம் இதுதான்; த்ராட்டில் தகட்டில் கரி படிந்திருந்தாலும் வரலாம். கேபிள் இல்லாமல் மோட்டார் திறந்து மூடும் த்ராட்டில்களில், ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்று இரண்டு சென்சார் வைத்திருப்பார்கள். இரண்டும் வேறு வேறு கதை சொன்னால் 'பி 2135'. 'பி 2138' வந்தாலோ தகராறு த்ராட்டிலிலேயே இல்லை, உங்கள் காலுக்குக் கீழே பெடலில் இருக்கிறது. இந்த எண் வந்த வண்டிக்கு த்ராட்டிலை மாற்றினால் பணம் தண்டம்.

டயாலிஸிஸ் காத்திருக்காது என்பதால், இதழ் அச்சாகும் வரை பொறுக்காமல் அடையாறு வாசகிக்குப் போனிலேயே இதைச் சொன்னேன். கேட்டிருக்கிறார். 'பி 0122'. "கனெக்டரைக் கழட்டிப் பாத்தீங்களா?" என்று அடுத்த கேள்வி. பார்க்கவில்லை. இவர் எதிரிலேயே கழற்றினார்கள். உள்ளே ஒரு பின் பச்சை பிடித்து, பூஜை அறையில் பல நாள் தேய்க்காமல் விட்ட பஞ்சபாத்திரம் மாதிரி இருந்ததாம். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்த பின்னை இறுக்கிச் செருகியதும் வோல்ட் ஒழுங்காக வந்தது. கூலியோடு சரி.

அந்த ஒர்க்ஷாப்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. ஸ்கேனரில் த்ராட்டில் சென்சார் என்ற பெயரைப் பார்த்தார், அதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு பாகத்தை மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஒயரைத் தேட அரை நாள் ஆகும், அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க நாம் முகம் சுளிப்போம். தேடுகிற மெக்கானிக்குக் கூலியைக் குறைக்காதீர்கள். உங்கள் பணம் மிச்சமாவது அவரால்தான்.

கனெக்டர் சுத்தமாக இருந்தால் அடுத்தபடி மல்ட்டிமீட்டர். செருகியைக் கழற்றி, சாவியை மட்டும் திருப்பி, ஒயர் பக்கம் 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது வராத வரையில் பத்து சென்சார் மாற்றினாலும் விளக்கு எரியும். வருகிறது என்றால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஸ்கேனரில் த்ராட்டில் சதவீதத்தை ஓடவிட்டு, பெடலை மெள்ள மெள்ள அழுத்துங்கள். பால் பொங்கி வருகிற மாதிரி ஒரே சீராக எண் ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ விழுந்தாலோ சென்சார் தேய்ந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். சீராக ஏறினால் என்ஜினை ஓடவிட்டு ஒயர்க் கட்டை இங்கும் அங்கும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டும்போது எண் துள்ளினால் திருடன் ஒயருக்குள் ஒளிந்திருக்கிறான். புதுப் பாகம் போட்டால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பழசை என்கிட்டயே குடுத்துடுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நீங்களே வாங்குவதானால், பாகத்தின்மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது.

ஒரு குறுக்கு வழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பேட்டரி ஒயரைப் பத்து நிமிஷம் கழற்றி மாட்டினால் பல வண்டிகளில் விளக்கு அணைந்துவிடும். "சரியாயிடுச்சும்மா, எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஜுரத்துக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போட்டு இறக்கிவிட்டு, ஆளை வேலைக்கு அனுப்புகிற வைத்தியம் இது. கோளாறு வந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்ததும் அழிந்துபோகும். அப்புறம் தேட வேண்டிய மெக்கானிக்கு ஒரு துப்பும் இருக்காது. கோளாறு நிஜமாகவே தீர்ந்திருந்தால், சில தடவை ஓடிய பிறகு விளக்கு தானாகவே அணையும்.

"அழுத்தாமலே வண்டி பாய்ந்துவிடுமோ?" என்ற பயமும் அந்தக் கடிதத்தில் இருந்தது. சென்சார்களின் சேதியில் சந்தேகம் வந்தால், மோட்டார் த்ராட்டில் வண்டிகளில் கம்ப்யூட்டர் மோட்டாரின் கையைக் கட்டிவிடும். ஒரு ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சம் மட்டும் திறந்து பிடித்துக்கொள்ளும், வண்டி நொண்டி நடை போடும். பாலத்தில் நடந்தது இதுதான். அமெரிக்காவில் 2009, 2010-ல் டொயோட்டா கார்கள் தாமாகப் பாய்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. நாசா என்ஜினியர்களே ஆராய்ந்து, த்ராட்டிலை அகலத் திறக்கும்படியான மின்னணுக் கோளாறு எதையும் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை தந்தார்கள். அந்தக் கார்களைத் திரும்ப அழைக்கச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? காலடி மேட் நகர்ந்து பெடலில் மாட்டிக்கொள்வது! ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மேட் போடுகிறவர்கள் இன்றைக்கே ஒன்றை எடுத்துவிடுங்கள். எக்காரணத்தாலாவது வண்டி பாய்ந்தால் பிரேக்கைப் பலமாக அழுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.

ஆனால் நொண்டி நடையும் ஆபத்துதான். சர்தார் பட்டேல் ரோட்டின் நடுவில் திடீரென்று வேகம் குறைந்தால் பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியுமா? விளக்கு அசையாமல் எரிந்தால் மெதுவாக ஓரத்திலேயே ஓட்டி ஒர்க்ஷாப்புக்குப் போகலாம். நோயாளியை வைத்துக்கொண்டு போகக் கூடாது. அந்த நாட்களுக்கு ஆட்டோவோ டாக்ஸியோ வைத்துக்கொள்ளுங்கள். காரில் இதே விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால் அது வேறு சமாசாரம். பெட்ரோல் சரியாக எரியாமல் புகைக்குழாயில் உள்ள விலையுயர்ந்த கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது, காலை எடுத்து வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். சிவப்பில் ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

பின் ஏன் பச்சை பிடிக்கிறது என்று கேட்பீர்கள். பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதே உப்புக் காற்றுதான் கார் பானெட்டுக்குள்ளும் போகிறது. அதோடு மழைத் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வண்டி நனைந்தவர்கள் அனுபவத்தில் கண்டிருப்பார்கள், தண்ணீர் வடிந்து வாரங்கள் கழித்துத்தான் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பிக்கும். மழைக் காலம் முடிந்ததும் ஒரு தடவை கனெக்டர்களைத் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. சர்வீஸில் என்ஜின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எதிரி எலி. மயிலாப்பூர்ச் சந்துகளில் ராத்திரி நிற்கும் கார்களில் என்ஜின் சூட்டுக்கு வந்து படுத்து, பொழுதுபோகாமல் ஒயரைக் கடிக்கும். புகையிலை, நாப்தலின் உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. காருக்குள் முறுக்குத் துணுக்கும் பிஸ்கட் தூளும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், வாரக்கணக்கில் அசையாமல் நிறுத்தாமல் இருப்பதும்தான் கைகண்டது.

ஸ்கூட்டர் ஓட்டும் வாசகியருக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததிலிருந்து நம் பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் கார்ப்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. த்ராட்டில் சென்சாரும் மஞ்சள் விளக்கும் அங்கேயும் உண்டு. சில ஸ்கூட்டர்களில் ஸ்கேனர்கூட வேண்டாம். சாவியைத் திருப்பி, விளக்கு எத்தனை முறை கண் சிமிட்டுகிறது என்று எண்ணினால் அதுவே கோட். வண்டியோடு தந்த புத்தகத்தில் இதைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.