லாயத்துப் பக்கம் போகாத நாம்

கிண்டி ரேஸ் கோர்ஸின் ஆண்டு வாடகை எவ்வளவாக இருந்தது என்று அடையாறில் பேப்பர் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: 614 ரூபாய் 13 காசு. 160 ஏக்கர், 99 வருடக் குத்தகை. வாடகை பாக்கி 730 கோடியே 86 லட்சத்தைக் கட்டு என்று 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது பார்க் பெஞ்சிலும் காபிக் கடையிலும் இதே பேச்சுதான். அந்த 13 காசு வரைக்கும் நமக்கு மனப்பாடம். அதே மதிலுக்குள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குதிரை தேய்த்த சைஸுக்கு, அதாவது லாயத்துக் குதிரைக்காரருக்கு, மாதச் சம்பளம் என்ன? நம்மில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

எங்கோ தூரத்து சங்கதி என்று தப்பிக்கவும் வழியில்லை. மத்திய கைலாஷ் தாண்டி, காந்தி மண்டபம், ராஜ்பவன் வழியாகப் போனால் கொஞ்ச நேரத்தில் ரேஸ் கோர்ஸ் வந்துவிடும். வேளச்சேரி போகிறவர்களுக்கு அந்த மதில்சுவர் தினசரி தரிசனம். ஐந்து ஃபர்லாங் சாலையில் ஃப்ளாட் வாங்கியவர்கள் நம்மில் உண்டு. நமக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்ததெல்லாம் மனை விலையும் மழைக்காலத்துத் தண்ணீரும்தான்.

லாயத்து வேலை என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு சைஸ் கையில் இரண்டு மூன்று குதிரைகள். விடியும் முன்னே சாணியையும் நனைந்த படுக்கையையும் அள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும். பிறகு குளம்பு. குதிரையின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் மடக்கி வைத்துக்கொண்டு, குனிந்தபடியே, குளம்புக் குழியில் சிக்கிய மண்ணையும் பொடிக்கல்லையும் இரும்புக் கொக்கியால் நோண்டி எடுக்க வேண்டும். நானூற்றைம்பது கிலோ மிருகம். மிரண்டு ஒரு உதை விட்டால் விலா எலும்பு போச்சு. பயிற்சி ஓட்டம் முடிந்து நுரை தள்ளத் திரும்புகிற குதிரையை அப்படியே கட்டிவிடக் கூடாது. மூச்சு தணியும்வரை கயிற்றைப் பிடித்து நடத்தி, குளிப்பாட்டி, வழித்து, கால்களைத் தடவிப் பார்க்க வேண்டும். எந்தக் காலில் சூடு ஏறியிருக்கிறது என்று டாக்டருக்கு முன்னால் சைஸின் உள்ளங்கைக்குத் தெரியும். ஓட்ஸ், தவிடு, புல் என்று வேளாவேளைக்குத் தீனி. மாலையில் மறுபடி முதலிலிருந்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு ராத்திரி சைஸுக்குத் தூக்கம் கிடையாது. டெட்டனஸ் கிருமி குதிரைச் சாணியில் சாதாரணமாக இருக்கிற ஒன்று. கையில் கீறலோடு அதில்தான் நாள் முழுக்க வேலை.

அந்தக் குதிரை ஜெயித்தால் ஒரு போட்டோ எடுப்பார்கள். பழைய பத்திரிகைகளில் நிறையப் பார்த்திருக்கிறோம். கோட்டு போட்ட உரிமையாளர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், மேலே ஜாக்கி. கீழே பெயர்கள்: உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி, குதிரை. எம்.ஏ.எம். ராமசாமி செட்டியாரின் குதிரைகள் வாங்கிய கோப்பைகளை நாம் எண்ணிக்கொண்டே வந்தோம். குதிரைக்குக்கூடப் பெயர் போட்ட பத்திரிகைக்காரர்கள், ஒரு நிமிஷம் முன்புவரை அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர் பெயரைக் கேட்டு எழுதியதில்லை. எழுதுகிற நாங்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

சம்பள விஷயம் எங்கே சிக்குகிறது என்பது புரியாத புதிர் அல்ல. சைஸை வேலைக்கு வைப்பவர் பயிற்சியாளர். பயிற்சியாளருக்கு லைசென்ஸ் தருவது பந்தயம் நடத்துகிற ரேஸ் கிளப். பணம் குதிரை உரிமையாளரிடமிருந்து வருகிறது. கூலி உயர்வு கேட்டால் பயிற்சியாளர் உரிமையாளரைக் காட்டலாம், உரிமையாளர் கிளப்பைக் காட்டலாம், கிளப் ‘இவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை’ என்று சொல்லிவிடலாம். ரேஸ் கிளப்புகளுக்கு ஈ.எஸ்.ஐ. சட்டம் பொருந்துமா என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போனது. பெங்களூர் டர்ஃப் கிளப்பும் மும்பையின் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப்பும் தங்களுக்குப் பொருந்தாது என்றே வாதாடின. பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது 2014-இல். ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்ததோ 1948-இல். நடுவில் போன வருடங்களை எண்ணிப் பார்த்தால் போதும். அந்தத் தீர்ப்பைப் பற்றி நம் பகுதியில் ஒரு கூட்டமோ, ஆசிரியருக்கு ஒரு கடிதமோ உண்டா?

கடிதம் எழுதத் தெரியாதவர்களா நாம்! 1974-இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது குடும்பங்கள் தெருவுக்கு வந்த கதைகளை அடுக்கினோம். 1986-இல் கிண்டி ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள எம்.ஜி.ஆர். ஆட்சி சட்டம் போட்டபோது தனியார் சொத்து பற்றிப் பேசினோம். 1996-இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று சொல்லி அந்தச் சட்டத்தை ரத்து செய்ததும், திறமையா அதிர்ஷ்டமா என்று வழக்கறிஞர்களை மிஞ்சி வாதம் செய்தோம். ஒழுக்கம், சொத்து, திறமை என்று வரிசையாக எல்லாம் வந்தன. லாயத்தில் வேலை பார்க்கிறவனின் வார விடுமுறை மட்டும் எந்தப் பக்கத்து வாதத்திலும் வரவில்லை. (ரேஸில் தோற்ற மாமா கதை நம் வீடுகளில் ஒன்றாவது இருக்கும். லாயத்தில் வேலை பார்த்த மாமா கதை இருக்காது. அது எந்தத் தெருக்களில் இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.)

இது இன்று நேற்று வந்த பழக்கமா என்றால், நம் நாட்டுக் குதிரை வரலாறே இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ராஜாக்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் வருஷக் கடைசியில் நூறுகூடத் தேறுவதில்லை என்று குறித்துவைத்தார். காரணத்தையும் சொன்னார்: குதிரை பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை, தெரிந்தவர்களைக் கூட்டிவர வியாபாரிகள் விடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்? குதிரைக்குக் கொட்டிக் கொடுத்த பொன்னில் ஒரு பங்கை அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்குக் கொடுத்திருந்தால் கஜானாவாவது மிஞ்சியிருக்கும்.

சரி, ரேஸ் பணக்காரர் விவகாரம், நமக்கெதற்கு என்போம். எலியட்ஸ் பீச் நம்முடையதுதானே? ஷ்மிட் நினைவுச் சின்னத்துப் பக்கம் ஞாயிறு சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக் குதிரைமேல் உட்கார வைக்கிறோம், செல்போனை உயர்த்துகிறோம். குதிரைக்குப் பக்கத்தில் மணலில் கால் புதையப் புதைய ஒருவர் கூடவே ஓடுகிறார். போட்டோவில் அவர் விழாதபடி பிரேமைச் சரிசெய்கிறோம். இறங்கியதும் குதிரையின் விலா எலும்பு கண்ணில் படுகிறது, பாவம் என்கிறோம், விலங்கு நல அமைப்புக்குப் புகார் போகிறது. புகார் தப்பே இல்லை, போகட்டும். பொதி சுமக்கும், வண்டி இழுக்கும் விலங்குகளுக்கு 1965-லேயே விதி வந்துவிட்டது: ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12-லிருந்து 3 வரை கூடவே கூடாது. நல்ல விதி. அதே வெயிலில் கயிற்றைப் பிடித்து நிற்பவர் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது சாப்பிட்டார், குதிரை அவருடையதா இன்னொருவருடையதா, நாம் கொடுத்த நூறு ரூபாயில் அவருக்கு எவ்வளவு என்று நாம் விசாரித்ததில்லை. 2020-இல் ஊரடங்கில் கடற்கரையை மாதக்கணக்கில் மூடினார்கள். பட்டினி கிடக்கும் குதிரைகளின் படம் வந்தது, மனம் உருகியது. கொள்ளு மூட்டை வாங்க மனசு வந்த நமக்கு, அதே லாயத்து மனிதர் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. குதிரைமேல் இரக்கம் காட்டினால் யாருக்கும் சம்பளம் தர வேண்டியதில்லை. அது நமக்குச் செலவு வைக்காத இரக்கம்.

2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு மீட்டது. செப்டம்பர் 9 அன்று கிண்டிக்கும் சீல் வைத்தது. வழக்கு நீதிமன்றத்தில் ஓடியது. கிண்டியில் 118 ஏக்கரில் சுற்றுச்சூழல் பூங்கா என்று அறிவிப்பும் வந்தது. பொது நிலம் பொதுமக்களுக்கு வருவதில் நமக்குச் சந்தோஷமே. வெள்ளம் வடியக் குளங்கள், நடக்கப் பாதை, மரங்கள் என்று நம் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் யோசனைகள் குவிந்தன. லாயத்தில் வேலை பார்த்தவர்களும், குதிரை ஏறிப் பயிற்சி கொடுத்த ரைடிங் பாய்களும், லாடம் அடித்தவர்களும் என்ன ஆவார்கள் என்ற வரி அந்த யோசனைகளில் இல்லை. இடம் அரசினுடையது, குதிரை உரிமையாளருடையது என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம். வேலை யாருடையது?

அடுத்த சங்கக் கூட்டத்தில் பூங்கா பற்றித் தீர்மானம் போடும்போது இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். லாயத்தில் வேலை பார்த்தவர்களின் பட்டியலைத் தொழிலாளர் துறை எடுக்கட்டும், பூங்காவில் வரப்போகும் காவல், தோட்ட வேலைகளில் அவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கட்டும். எலியட்ஸ் பீச் குதிரைக்காரர்களை நலவாரியத்தில் பதிவு செய்ய ஒரு முகாம் வேண்டும் என்று உங்கள் கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். மனு எழுத நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.